புத்தம் புதிய பழைய அட்டை

நியூ ஜெர்சியின் எடிசன் நகரில், பிப்ரவரி 12ஆம் தேதி மாலை, ஒரு வீட்டுச் சாப்பாட்டு மேஜை மேல் பெரிய பெட்டி ஒன்று வந்து இறங்கியது. உள்ளே வெள்ளை அட்டைக் குழல்கள் 24, முட்டை அடுக்கும் அட்டைகள் 2, ஒரு பை நிறைய பாட்டில் மூடிகள், ஒரு கண்டு சணல் நூல். மூடியில் பச்சை எழுத்து: 'மறுசுழற்சிக் கைவினை'. விலை 30 டாலர்.

மன்னார்குடிப் பக்கம் போஸ்ட்மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்ற தாத்தா, மகள் ரேவதியின் வீட்டுக்குப் பேத்தியைப் பார்க்க வந்து மூன்று மாதம் ஆகிறது. ஒரு குழலை எடுத்து, தந்தி வந்தால் பார்ப்பதுபோல் இரண்டு பக்கமும் திருப்பிப் பார்த்தார்.

"ஏம்மா ரேவதி, பாத்ரூம்ல பேப்பர் தீர்ந்தா மிஞ்சுமே, அந்தக் குழல்தானே இது?"

"அதே மாதிரிதான்ப்பா. ஆனா இது புதுசு. யாரும் தொடாதது."

"நான் நாலு சேர்த்து வெச்சிருந்தேன். கண்டதையும் சேர்க்காதீங்கன்னு நேத்துதான் நீ தூக்கிப் போட்டே."

"அது குப்பைப்பா. இது கிராஃப்ட் மெட்டீரியல்."

தாத்தா 'ஓஹோ' என்று மட்டும் சொன்னார். அவர் வீட்டு அகராதியில் அதற்கு நாலு பக்க அர்த்தம் உண்டு.

விஷயம் இதுதான். அமெரிக்கத் தொடக்கப் பள்ளிகளில் வேலன்டைன் தினம் என்பது முதலில் அட்டை, காதலெல்லாம் அப்புறம். ஒவ்வொரு குழந்தையும் வகுப்பில் இருக்கும் எல்லோருக்கும் ஓர் அட்டை கொண்டுபோக வேண்டும். ஷூ பெட்டியில் துளை போட்டு, அலங்கரித்து, தபால் பெட்டி மாதிரி மேஜை மேல் வைத்துக்கொள்வார்கள். இரண்டாம் வகுப்புப் பேத்திக்கு டீச்சர் 22 பேர் பட்டியல் அனுப்பியிருந்தார். ஒருவர் பெயரும் விடுபடக் கூடாது.

"ஆளுக்கு ஒண்ணு, கூடவும் இல்லே, குறைவும் இல்லே. இது காதல் இல்லேம்மா, ரேஷன்" என்றார் தாத்தா.

"கிண்டல் பண்ணாதீங்க. கடையில அச்சடிச்சு விக்கிறதை வாங்காம கையால செய்யணும்னு நினைக்கிறேன். ஹால்மார்க் கம்பெனி கணக்குப்படி, இந்த ஒரு நாளுக்கு அமெரிக்காவுல 14.5 கோடி அட்டை பரிமாறிக்கிறாங்க. பெட்டிபெட்டியா விக்கிற பள்ளிக்கூட அட்டை அதுல சேர்த்தியே இல்லே. எவ்வளவு காகிதம் வீண்!"

"அதனால நீ அட்டைக்குப் பதிலா அட்டைக் குழல் வாங்கியிருக்கே."

ரேவதி அசரவில்லை. கையால் செய்வதுதான் இந்த ஊர் மரபு என்று வரலாற்றுக்குப் போனாள். மாசசூசெட்ஸின் வூஸ்டர் நகரில் எஸ்தர் ஹவுலண்ட் என்ற பெண். 1847இல் படிப்பை முடித்துவிட்டு வந்தவர். இங்கிலாந்திலிருந்து வந்த ஒரு வேலன்டைன் அட்டையைப் பார்த்து, இதைவிட நன்றாக நானே செய்வேன் என்று உட்கார்ந்தார். அப்பாவின் ஸ்டேஷனரிக் கடை மூலம் லேஸ் காகிதம் வரவழைத்து, பூ ஒட்டி, மாதிரி அட்டைகளை விற்பனைக்குச் சுற்றும் சகோதரரிடம் கொடுத்தார். 200 டாலருக்கு ஆர்டர் வந்தால் போதும் என்று நினைத்தார். சகோதரர் கொண்டுவந்தது 5,000 டாலர் ஆர்டர்.

"அப்புறம்?" தாத்தா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தோழிகளை வீட்டுக்குக் கூப்பிட்டு வரிசையா உட்கார வெச்சாங்க. ஒருத்தர் வெட்ட, ஒருத்தர் அடுக்க, ஒருத்தர் ஒட்ட..."

"அதுக்குப் பேர் ஃபேக்டரிம்மா."

ரேவதி பேச்சை மாற்ற, ஜிகினாத் தூள் டப்பாவைத் திறந்தாள். அது திறந்த கணமே மேஜை, நாற்காலி, தாத்தாவின் விபூதி எல்லாம் மினுங்கின.

"இது என்னத்துல செய்யறது?"

"பிளாஸ்டிக்தான். மெல்லிசா அலுமினியம் பூசி, பொடியா வெட்டறது. இதுவும் நம்ம மாநிலத்துச் சரக்குதான்ப்பா! பெர்னார்ட்ஸ்வில்லில ஹென்றி ரஷ்மன்னு ஒரு மெஷின் தொழிலாளி. 1930கள்ல இதை வெட்ட வழி கண்டுபிடிச்சவர். உலகப் போர் சமயத்துல கண்ணாடி ஜிகினா வராமப் போகவும், பிளாஸ்டிக் கழிவை எடுத்துப் பொடியாக்கி வித்தாராம்."

"அப்ப அவர் குப்பையை ஜிகினா ஆக்கினார். நீ?"

ரேவதிக்கு இந்தக் கேள்விக்கு விடை தெரியும். சொல்லத்தான் பிடிக்கவில்லை. ஜிகினா ஒட்டிய காகிதத்தை மறுசுழற்சிக்குப் போட முடியாது. உதிரி பிளாஸ்டிக் ஜிகினா விற்பதை ஐரோப்பிய ஒன்றியம் 2023 அக்டோபரில் தடை செய்தாயிற்று. டப்பாவை மெல்ல மூடினாள்.

தாத்தா எழுந்து தன் அறைக்குப் போனார். ஒரு பிளாஸ்டிக் பையோடு திரும்பினார். காலி சீரியல் பெட்டிகள், பழைய பத்திரிகைகள், உடைந்த கிரேயான்கள், மளிகை கட்டி வந்த கயிறு. மூன்று மாதச் சேமிப்பு. மகள் கண்ணில் படாமல் கட்டிலுக்கடியில் வைத்திருந்தது.

"எங்க ஆபீஸ்ல வந்த கவரைக் கிழிக்க மாட்டோம். பழைய விலாசத்து மேல எகானமி ஸ்லிப் ஒட்டி, அதே கவரைத் திருப்பி அனுப்புவோம். அப்ப அதுக்குப் பேர் கஞ்சத்தனம். பொங்கலுக்கு வந்த வாழ்த்து அட்டையைக்கூட உங்கம்மா வெட்டி, டப்பாவுக்கு லேபிள் ஒட்டுவா."

"அப்பா, அதைத்தான் இங்கே அப்சைக்ளிங்னு சொல்றாங்க."

"சொல்லட்டும். பசை எங்கே?"

பசையும் கடைச் சரக்கு வேண்டாம் என்று மைதாவைக் கிளறினார். சீரியல் பெட்டியைப் பிரித்து, பழுப்பு நிற உட்பக்கம் வெளியே தெரியும்படி துண்டு போட்டார். காகிதத்தை இரண்டாக மடித்துப் பாதி இதயம் வெட்டினால் விரிக்கும்போது முழுசு வரும் என்பதைப் பேத்தி தாத்தாவுக்குச் சொல்லிக்கொடுத்தாள். குழலின் ஒரு பக்கத்தை உள்ளே அழுத்தி, நுனியைச் சாயத்தில் தோய்த்து அமுக்கினால் இதய முத்திரை விழும். அதைப் பார்த்ததும் தாத்தாவின் கை பரபரத்தது. நாள் முத்திரை குத்தும் அதே வேகத்தில், டக் டக் என்று 19 அட்டைகளில் குத்தி முடித்தார். கிரேயான் துண்டுகளின் காகிதத்தை உரித்து, இதய வடிவ அச்சில் போட்டு, ஓவனில் கொஞ்சநேரம் வைத்தாள் ரேவதி. மெழுகுதானே, உருகிப் பல வண்ணத்தில் உறைந்தது.

"கொலராடோவுல லவ்லேண்ட்னு ஒரு ஊர்ப்பா" என்றாள், அவரை ஓய்வெடுக்க வைக்க. "அந்த ஊர் முத்திரை விழணும்னு ஊர் ஊரா அங்கே வேலன்டைன் அனுப்பறாங்க. 1947லேர்ந்து நடக்குது. ஊர்க்காரங்களே உட்கார்ந்து கையால முத்திரை குத்தி மறுபடி தபால்ல விடுவாங்க."

"சம்பளம்?"

"இல்லே. தன்னார்வம்."

அவர் முகத்தில் பயணக் களை வந்தது. "இங்கேருந்து எவ்வளவு தூரம்?"

இரவு பத்து மணிக்கு 22 அட்டைகளும் தயார். கடையில் வாங்கிய குழல்களில் செலவானது ஒன்றே ஒன்று. ரேவதிக்குத் திடீரென்று புத்தி தெளிந்தது.

"அப்பா, மீதியை அப்படியே வெச்சு நாளைக்கு ரிட்டர்ன் பண்ணிடலாம். 30 டாலர் திரும்ப வரும். அந்தப் பெட்டி எங்கே?"

தாத்தா கத்தரிக்கோலைக் கீழே வைத்தார்.

"சீரியல் அட்டை 19 பேருக்குத்தாம்மா வந்தது. மூணு குறைஞ்சுது."

மேஜை ஓரத்தில் காய்ந்துகொண்டிருந்த மூன்று அட்டைகளைப் பேத்தி தூக்கிக் காட்டினாள். ஒன்றின் முதுகில் பச்சை எழுத்தில் பாதி இருந்தது: 'மறுசுழ'.