ரத்தத்த எண்ணாதலே, ரொக்கத்த எண்ணு

ஏலே பேராண்டி, இங்கன வந்து உக்காரு. ஜப்பான் படக்கதைய வச்சுக்கிட்டு மாங்கா மாங்கான்னு நீயும் உன் சேக்காளிகளும் போடுத சத்தம் தெரு முக்கு வரைக்கும் கேக்கு. அதுல உனக்கு என்ன பீத்தல்! "நான் படிக்கதெல்லாம் டார்க்கு" அப்டிங்கே. அப்டின்னா என்னலே? பக்கத்துக்கு நாலு தலை உருளணும். நாயகன் மழையில நனைஞ்சுக்கிட்டே பீடி குடிக்கணும். அம்புட்டுத்தானே? கரண்டு போனா நம்ம வீடுந்தாம்லே டார்க்கு.

உன் சேக்காளி ஒருத்தன் இருக்கானே, அவன் வலப்பக்கத்துலேர்ந்து படிக்கக் கத்துக்கிட்டானாம். அதுக்கு ஊரு கூடி மாலை போடணுமாம். இன்னொருத்தன் ஆயிரம் கதைக்கு மார்க்கு போட்டு வச்சிருக்கான். எத்தனை முடிச்சேன்னு கேட்டா வானத்தப் பாக்கான். ஆடத் தெரியாதவனுக்குத்தான் கூடம் கோணலா இருக்கும்.

கெழவனுக்கு என்ன தெரியும்னு முழிக்காத. 1972ல முத்து காமிக்ஸ்காரவுக இரும்புக்கை மாயாவியக் கொண்டாந்தாகல்லா, அப்பவே காசு சேத்து வாங்குன ஆளு நான். படக்கதை எனக்குப் புதுசில்ல. குற்றக்கதைய எடுத்தா நான் ரத்தம் எங்க சிந்துதுன்னு பாக்கமாட்டேன். துட்டு எங்கேர்ந்து கெளம்பி எவன் மடியில போயி விழுதுன்னு பாப்பேன். அதைச் சொல்லுதவன் விஷயம் தெரிஞ்சவன். மத்தவன் சாயத்த ஊத்தி ஏமாத்துதான். அந்தக் கணக்குல அஞ்சாறு சொல்லுதேன், கேட்டுக்க.

மொதல்ல 'சாங்சுவரி'ய எடு. கதை ஷோ ஃபுமிமுரா, படம் ரியோய்ச்சி இகெகாமி. 1990லேர்ந்து 1995 வரைக்கும் வந்துச்சு, மொத்தம் 12 பாகம். ஃபுமிமுரா யாருன்னு நெனைக்கே? விரலால குத்துனா மண்டை வெடிக்குமே, 'ஃபிஸ்ட் ஆஃப் த நார்த் ஸ்டார்', அதை எழுதுன புரோன்சனேதான், வேற பேருல. அதுல மண்டைய ஒடச்சவன் இதுல மண்டையப் பயன்படுத்தச் சொல்லுதான்.

ரெண்டு பயலுவ. ஹோஜோ, அசாமி. சின்னதுல கம்போடியாவுல போல் பாட் ஆட்சியில மாட்டி, பெத்தவுகளப் பறிகொடுத்து, செத்துப் பொழச்சு ஜப்பான் வாரானுவ. வந்து பாத்தா அங்க எல்லாவனும் தின்னுட்டுத் தூங்குதான். நாட்டையே பொரட்டிப் போடணும்னு முடிவு. ஒருத்தன் நாடாளுமன்றத்துக்கு, இன்னொருத்தன் யாகுசாங்க ரவுடிக் கும்பலுக்கு. யாரு எங்க போறதுன்னு எப்டி முடிவாச்சு தெரியுமா? கல்லு, காயிதம், கத்தரின்னு கைய நீட்டி விளையாடித் தீத்துக்கிடுதானுவ. எனக்குச் சிரிப்பு வந்துட்டு. பொறவு யோசிச்சேன். எந்த நாட்டுலலே வேட்பாளரப் பொறுக்குதது இதைவிட ஒழுங்கா நடக்கு?

எதிராளி ஆளுங்கட்சிக் கெழவன் இசாவோகா. நாற்காலிய விட்டு எந்திரிக்கவே மாட்டான். சின்னப் பயலுவ அவன்கிட்ட மோதி மூக்கு ஒடைஞ்சு வரும்போது, கெழடுன்னா இப்டில்லா இருக்கணும்னு எனக்கே ஒரு பெருமை. ஒண்ணு மட்டும் சொல்லிருதேன். அதுல பொம்பளையாள எழுதியிருக்க லட்சணம் நல்லாயில்ல. வரைஞ்ச கை தங்கம்தான், அந்த எடத்துல புத்திதான் பித்தளை.

"எல்லாம் கப்சா தாத்தா"ங்கியா? அப்ப ஜப்பான்ல என்ன நடந்துச்சுன்னு கேளு. 1992ல ஷின் கனேமாருன்னு ஆளுங்கட்சிப் பெருந்தலை ஒண்ணு. சாகவா கியூபின்னு ஒரு பார்சல் கம்பெனிகிட்ட 50 கோடி யென் வாங்குனத அவரே ஒத்துக்கிட்டாரு. தோண்டத் தோண்ட யாகுசா தொடர்பும் சந்திக்கு வந்துச்சு. மறு வருசம் வரி ஏய்ப்புல பிடிச்சப்போ தங்கக்கட்டியா அள்ளுனாவ. அதே 1993லதான் 38 வருசம் அசையாத கட்சி ஆட்சிய விட்டு எறங்குச்சு. பத்திரிகையில கதை ஓடிக்கிட்டு இருக்கும்போதே பக்கத்துல நெசமும் ஓடியிருக்கு. பணம் பந்தியிலே, குணம் குப்பையிலேன்னு சும்மாவா சொன்னாக?

அடுத்தது 'உஷிஜிமா'. ஷோஹெய் மனாபே 2004லேர்ந்து 2019 வரைக்கும் 46 பாகம் எழுதுனாரு. கந்துவட்டிக்காரன் கதை. வட்டி எம்புட்டுங்கே? பத்து நாளைக்கு நூத்துக்கு அம்பது! பத்தாயிரம் யென் வாங்குனா, ஒரு மாசத்துல வட்டி மட்டும் பதினஞ்சாயிரம். முதல் அப்படியே கெடக்கும். 2010லேர்ந்து ஜப்பான் சட்டம் வருசத்துக்கே அதிகபட்சம் 20 சதம்தான்ங்குது. சட்டம் ஒரு பக்கம், அவன் கடை ஒரு பக்கம்.

அவன்கிட்ட வந்து நிக்கதெல்லாம் யாரு? கொலைகாரனா? பச்சிங்கோ சூதாட்ட மெஷின் முன்னால உக்காந்து துட்ட விட்ட குடும்பப் பொம்பளை. நாலு பேரு முன்னால பகட்டா நிக்கணும்னு கடன் வாங்குன வாலிபன். டாக்ஸி ஓட்டுதவன், ஆபீசு போறவன். இதுல துப்பாக்கி தேவையே இல்ல, ஒரு நோட்டுப் புத்தகம் போதும். அந்த உஷிஜிமா முயலு வளக்கான் பாத்துக்க. முயலுக்கு எரக்கம் உண்டு, மனுசனுக்குக் கெடையாது. உன் டார்க்கு எங்க இருக்குன்னு இப்பத் தெரியுதா?

'கோல்கோ 13' கேள்விப்பட்டிருப்பே. தகாவோ சைத்தோ 1968ல தொடங்குனது. 2021ல 201 பாகம் ஆகி கின்னஸ்ல ஏறுச்சு. அதே வருசம் மனுசன் போய்ச் சேந்துட்டாரு. அவரு சொல்லிட்டுப் போனபடி, கூட இருந்தவுக இன்னமும் வரையுதாக. அதுல வார கூலிக் கொலைகாரன் வாயே தெறக்கமாட்டான். குரைக்கிற நாய் கடிக்காதுல்லா? வேடிக்கை என்னன்னா, 2017ல ஜப்பான் வெளியுறவு அமைச்சகமே அவன் படத்தப் போட்டு, வெளிநாட்டுல தொழில் பண்ணுத சின்னக் கம்பெனிக்காரவுக எப்டிப் பத்திரமா இருக்கணும்னு கையேடு போட்டுச்சு. கூலிக்குக் கொல்லுதவன் சொன்னாத்தான் சனம் கேக்கும்னு அரசாங்கத்துக்கே தெரிஞ்சிருக்கு.

மெதுவா வேகுதது பிடிக்குமா? அப்ப நவோகி உராசாவா வரைஞ்ச 'மான்ஸ்டர்'. ஜெர்மனியில டெம்மான்னு ஒரு மூளை டாக்டர். கூலித் தொழிலாளி ஒருத்தன் மேசையில கெடக்கும்போது, அவன விட்டுட்டுப் பேர்போன பாட்டுக்காரருக்கு ஆபரேசன் பண்ணச் சொல்லுதாக, பண்ணுதாரு. தொழிலாளி செத்துருதான். அடுத்த தடவை மேயர விட்டுட்டு, முதல்ல வந்த சின்னப் பையனக் காப்பாத்துதாரு. மேயரு போயிருதாரு. அந்தப் பையன் வளந்து என்ன ஆனான்ங்கதுதான் 18 பாகம். எந்த உசுருக்கு என்ன வெலைன்னு ஆஸ்பத்திரிக்காரன் போட்ட கணக்குலதான் கதையே தொடங்குது, பாத்தியா?

அதே உராசாவாவோட '20த் சென்சுரி பாய்ஸ்'ல ஒரு சாமியார்க் கும்பல் கட்சி ஆரம்பிச்சு நாட்டையே பிடிக்கும். நம்ப முடியலையா? நெசமாவே ஜப்பான்ல ஓம் ஷின்ரிக்கியோங்க சாமியார்க் கும்பல் 1990 தேர்தல்ல 25 பேர நிறுத்துச்சு. அம்புட்டுப் பேரும் தோத்தானுவ. 1995ல டோக்கியோ சுரங்க ரயில்ல சாரின் வெசவாயுவ விட்டதும் அதே கூட்டந்தான்.

பொறவு, கொரியப் படத்த மட்டும் பாத்துட்டு 'ஓல்டு பாய்' முழுசாத் தெரியும்னு சலம்புதவன் கிட்ட ஒண்ணு கேளு. நாயகன் எத்தனை வருசம் அடைஞ்சு கெடந்தான்னு. பதினஞ்சும்பான். படத்துக்கு மூலமான ஜப்பான் புத்தகத்துல பத்துதாம்லே. அடைச்சு வச்சதுக்குக் காரணமும் வேற. அதோட அடங்கிருவான்.

இதெல்லாம் வயசு வந்தவுகளுக்கு எழுதுனது. வீட்டுல சின்னப் புள்ளைக கையில கெடைக்க மாதிரி போட்டு வைக்காத. ஒரே நேரத்துல பத்தத் தொடாத, ஒண்ண எடுத்து முடி. உஷிஜிமாவ முடிச்ச பொறவும், அந்த நாயகன் பொம்மை ஒண்ணு தவணையில வருது வாங்கலாமான்னு உனக்கு ஆசை வந்துச்சுன்னா, நேரா என்கிட்ட வா. பொம்மை வெலை எனக்குத் தெரியாது. வட்டிய மட்டும் பைசா சுத்தமாக் கணக்குப் போட்டுத் தாரேன்.