ஸ்டுடியோ டாட் எச்சில் விழுந்த ஈ

1972 வாக்கில் அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் உட்கார்ந்து சி மொழியைச் செய்துகொண்டிருந்த டென்னிஸ் ரிட்சிக்கு, முப்பது வருஷம் கழித்து செருப்பை வாசலில் கழற்றிவிட்டு வந்து ஒரு கூட்டம் அதைப் படுத்தப்போகிறது என்று தெரிந்திருக்க நியாயமில்லை. எங்கள் கல்லூரி லேபுக்குள் செருப்பு ஆகாது. தூசி பட்டால் கம்ப்யூட்டர் கெட்டுவிடுமாம். ஆயுத பூஜையன்று அதே கம்ப்யூட்டரின் நெற்றியில் சந்தனத்தைக் குழைத்து அப்புவதற்குத் தடையேதும் இல்லை.

2002. நீலத் திரையில் டர்போ சி. முதல் வரி தூக்கத்திலும் வரும்: ஹேஷ் இன்க்ளூட், ஸ்டுடியோ டாட் எச். அது ஸ்டாண்டர்ட் இன்புட் அவுட்புட்டின் சுருக்கம் என்பது, வைவாவில் மாட்டி முழித்தபோதுதான் பாதிப்பேருக்குத் தெரிந்தது. அதுவரை ஏதோ பாஸ்போர்ட் சைஸ் போட்டோ எடுக்கும் இடம்.

இன்க்ளூட் செய்யும் வேலைக்கு நம்மிடம் அழகான பெயர் இருக்கிறது: ஈயடிச்சான் காப்பி. மூலத்தில் செத்த ஈ ஒட்டியிருந்ததால், இன்னொரு ஈயைத் தேடி அடித்து நகலிலும் ஒட்டிய குமாஸ்தாவின் நேர் வாரிசு பிரீபிராசசர். ஸ்டுடியோ டாட் எச் போன்ற ஹெடர் ஃபைலை எழுத்துக்கு எழுத்து எடுத்து உங்கள் புரோகிராமின் தலையில் கொட்டிவிட்டுப் போய்விடும். அதில் ஈ இருக்கிறதா, கல் இருக்கிறதா என்று பார்ப்பது அதன் வேலையில்லை. பல்லுடைவது பின்னால் வரும் கம்பைலருக்கு. இந்த யோசனைகூட ரிட்சியின் சொந்தச் சரக்கல்ல. பிசிபிஎல், பிஎல்/1 மொழிகளில் இருந்ததைப் பார்த்துச் சேர்த்தது. காப்பியடிக்கும் வசதியையே காப்பியடித்தவர்! ரெக்கார்டு நோட்டு எழுதிய எவனும் அவரைக் கையெடுத்துக் கும்பிடுவான்.

வில்லங்கம் 17ஆம் நம்பர் கம்ப்யூட்டரில் வந்தது. ஃபிபனாச்சி வரிசை எழுதிக்கொண்டிருந்தேன். ஆல்ட் எஃப்9. 'டிக்ளரேஷன் சின்டாக்ஸ் எரர்.' பக்கத்து 16இல் சேக்காளி அடித்ததும் அதே புரோகிராம்தான் (அவன் என்னைப் பார்த்து அடித்தான், நான் சீனியர் நோட்டைப் பார்த்து அடித்தேன்). அவனுக்கு ஓடுகிறது. எனக்கு ஓடவில்லை.

"சார், எரர் சார்."

சார் எழுந்துகூட வரவில்லை. "செமிகோலன் விட்டிருப்பே, பாருடா."

பார்த்தேன். இருந்தது. ஒவ்வொரு வரியாக அழித்தேன். கடைசியில் இன்க்ளூட்டும் வெறும் மெயினும் மட்டும் பாக்கி. அப்போதும் எரர். மறுபடி கேட்டபோது சார் சுருதி மாறாமல், "செமிகோலன்!" என்றார். வைரஸ் என்றான் ஒருவன். அந்த இடத்தில் வாஸ்து சரியில்லை என்றான் சிவில் பிரிவிலிருந்து ஓசி ஏசிக்கு வந்திருந்த இன்னொருவன். மூன்று வாரம் 17இல் யாரும் உட்காரவில்லை. சந்தனம் மட்டும் காய்ந்து உதிர்ந்துகொண்டிருந்தது.

புரோகிராம் பிழையை 'பக்', அதாவது பூச்சி, என்பார்கள். 1947 செப்டம்பர் 9 அன்று ஹார்வர்டின் மார்க் 2 கம்ப்யூட்டர் ரிலேயில் சிக்கிய அந்துப்பூச்சியை எடுத்து, லாக் புத்தகத்தில் டேப் போட்டு ஒட்டினார்கள். அந்தப் பக்கம் இன்றும் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகத்தின் சேகரிப்பில் இருக்கிறது. அவர்களுக்கென்ன, பூச்சி கண்ணுக்குத் தெரிந்தது.

ஒருநாள் மின்சாரம் போய் வந்த பிறகு, பொழுது போகாமல் சேக்காளி 16இன் ஹெடரை ஃபிளாப்பியில் ஏற்றி வந்து 17இல் செருகினான். டாஸில் டிஐஆர் போட்டான். இரண்டு ஃபைலுக்கும் அளவில் ஒரே ஒரு பைட் வித்தியாசம். எஃப்சி கட்டளையைக் கொடுத்தான். இரண்டையும் ஒப்பிட்டு, வேறுபட்ட வரியைக் கறுப்புத் திரையில் துப்பியது. 17இன் ஃபைலில் அந்த வரியின் கடைசியில் ஓர் எழுத்து குறைந்தது.

செமிகோலன்.

சார் மூன்று வாரத்துக்கு முன்பே சொன்னது சரி. எந்த ஃபைலில் என்பதை மட்டும்தான் சொல்லவில்லை.

இது எப்படி நடக்கும் என்பதும் புரிந்தது. இன்க்ளூட் வரிக்கு மேலே நாம் எதையாவது அரைகுறையாக விட்டால், கம்பைலர் ஹெடருக்குள் போய்த்தான் தடுக்கி விழும். விழுந்த இடத்தையே குற்றமென்று காட்டும். எரர்மேல் என்டர் தட்டினால், டர்போ சி மரியாதையாக ஹெடரையே திறந்து காட்டும். அதைத் தன் புரோகிராம் என்று நினைத்து யாரோ ஒரு புண்ணியவான் உள்ளே கைவைத்து, எஃப்2 அடித்துச் சேமித்தும் விட்டான்.

"எவன்டா அவன்?" என்றான் சேக்காளி. டிஐஆர் பட்டியலில் தேதி இருந்தது. லேபில் பல மெஷின்களுக்கு பேட்டரி செத்து, தினமும் 1980 ஜனவரி 1தான். 17க்கு மட்டும் அந்தப் பாழாய்ப்போன பேட்டரி உயிரோடு இருந்தது. வருகைப் பதிவேட்டை எடுத்து அந்தத் தேதிக்குப் புரட்டினோம். 17க்கு நேரே, கொட்டை எழுத்தில், இன்ஷியலோடு, என் கையெழுத்து.