புரளி என்று எப்போது தெரியும்?

கேள்வி: விமான நிலையங்களுக்கு வரும் வெடிகுண்டு மிரட்டல் எல்லாமே புரளியாகத்தானே முடிகிறது? கோவை மாதிரி ஊரில் எதற்கு இத்தனை சோதனை?
- வாசகர், அவிநாசி

பதில்: எல்லாமே இல்லீங்க. 1984 ஆகஸ்ட் 2 இரவு சென்னை மீனம்பாக்கம் விமான நிலையத்தில் குண்டு இருப்பதாகத் தொலைபேசியில் முன்கூட்டியே எச்சரிக்கை வந்தது. அப்படியும் வெடித்தது, 30 பேருக்கு மேல் இறந்தார்கள்.

பல்லைப் பிடித்துப் பார்க்காமல் மாட்டுக்கு விலை பேசாத சீமை நம்முடையது. மிரட்டலுக்குப் பல் பார்க்கவும் ஒரு மதிப்பீட்டுக் குழு உண்டு. விமான நிலைய அதிகாரிகள், மத்திய தொழிலகப் பாதுகாப்புப் படை, போலீஸ், விமான நிறுவனத்தார் கூடித் துருவுவார்கள். எந்த விமானம்? குண்டு எங்கே? சொன்னவன் யார்? இதே வாசகம் வேறு எத்தனை ஊருக்குப் போயிருக்கிறது? 2024 ஜூன் 18-ல் ஒரே நாளில் 41 விமான நிலையங்களுக்கு மின்னஞ்சல் பறந்தது. அப்படி மொத்தமாக வருவதற்கு நம்பகம் குறைவு. அந்த அக்டோபரில் நூற்றுக்கணக்கில் மிரட்டல் குவிந்த பிறகு, அனுப்பியவரின் பின்னணியை இன்னும் கவனமாகப் பார்க்கிறார்கள்.

விவரம் துல்லியமாக இருந்தால் விமானத்தைத் தனியிடத்தில் நிறுத்திப் பயணிகளை இறக்கிவிடுவார்கள். பீளமேட்டில் நம் கோவை விமான நிலையத்தில் இருப்பதோ ஒரே ஓடுபாதை. ஒன்று தாமதித்தால் அடுத்தடுத்து எல்லாம் தாமதம். பொய்யாக மிரட்டுபவன் மேல் எனக்குத் தீராத கோபம் அதனால்தான். சோதிப்பவர்கள் மேல் துளியும் இல்லை. அவிநாசி ரோட்டு நெரிசலுக்கு ஒதுக்கும் நேரத்தோடு, சோதனைக்கும் அரை மணி சேர்த்துக் கிளம்புங்கள்.