தூசியின் ஜாதகம்

கேள்வி – பதில்

கே: ஒரு தூசியை நுண்ணோக்கியில் வைத்தால் அது என்னவென்று கம்ப்யூட்டரே சொல்லிவிடுமாமே?
– ஓர் ஆசிரியை, சாத்தூர்

ப: சொல்லும். முதலில் படமெடுத்துத் துகளின் அளவையும் வடிவத்தையும் குறித்துக்கொள்ளும். அடுத்து எலெக்ட்ரான் கற்றையோ லேசரோ பாய்ச்சி, திரும்பி வருவதை நிறமாலையாக வரையும். கடைசியில் அதை, ஏற்கெனவே பெயர் தெரிந்த நிறமாலைகளோடு ஒப்பிட்டு, மிக நெருங்கியதன் பெயரைச் சொல்லும். மென்பொருள் வருவதற்கு முன்னால் இதற்கெல்லாம் புத்தகம்தான். அமெரிக்காவின் வால்ட்டர் மெக்ரோன் 1967ல் துகள்களுக்கென்றே ஓர் அட்லஸ் வெளியிட்டார். பக்கத்துக்குப் பக்கம் தூசி!

கே: அந்த லேசர் முறை நம்ம சர் சி.வி. ராமனுடையதுதானே?
– கல்லூரி மாணவர், விருதுநகர்

ப: விளைவு அவருடையது. 1928 பிப்ரவரி 28, கொல்கத்தா. லேசர் வந்ததோ 1960ல். திருச்சிக்காரர் அதற்கெல்லாம் காத்திருக்கவில்லை. சூரிய ஒளியையும் பாதரச விளக்கையும் வைத்தே 1930ல் நோபல் பரிசை வாங்கிவிட்டார்.

கே: எலெக்ட்ரானா, லேசரா? எது உசத்தி?
– கெமிக்கல் வியாபாரி, சிவகாசி

ப: எலெக்ட்ரான் பட்ட துகள் எக்ஸ்ரே விடும். அதிலிருந்து என்னென்ன தனிமம் என்று தெரியும். உங்கள் மூட்டையில் பொட்டாசியம், குளோரின், ஆக்ஸிஜன் இருக்கிறது என்று சொல்லும். அது குளோரேட்டா, பெர்குளோரேட்டா என்று கேட்டால் முழிக்கும். பட்டாசு மருந்தில் கந்தகத்தோடு குளோரேட்டைக் கலக்க 1992 முதலே தடை இருப்பதால், இந்த வித்தியாசம் உங்களுக்கு உயிர் விஷயம். ராமன் கருவி அதைப் பிரித்துக் காட்டிவிடும். அதனிடமே அலுமினியப் பவுடரைக் கொடுங்கள், மௌன விரதம். அலுமினியத்துக்கு ராமன் கோடு கிடையாது. இரண்டு கருவியும் இருக்கிற இடத்துக்குப் போங்கள்.

கே: பட்டாசு மருந்து மேல் லேசர் அடித்தால் வெடிக்காதா?
– பலசரக்குக் கடைக்காரர், வெம்பக்கோட்டை

ப: கறுப்பு மருந்து ஒளியை உறிஞ்சிச் சூடாகும், அதனால் பற்றிக்கொள்ளலாம். ஆகவே கண்ணுக்குத் தெரியாத அளவு மாதிரி, மிகக் குறைந்த லேசர் திறன். புகைந்துவிட்டால் நிறமாலையும் போச்சு, சாட்சியும் போச்சு.

கே: பச்சை உப்பு போட்டிருந்தால் இதில் மாட்டிக்கொள்வோமா? (பெயர் வேண்டாம்.)
– திருத்தங்கல்

ப: பெயர் வேண்டாம் என்றபோதே பாதி மாட்டிக்கொண்டீர்கள். உச்ச நீதிமன்றம் 2018 அக்டோபரில், உங்கள் பச்சை உப்பையும் சேர்த்து, பட்டாசில் பேரியம் உப்புகளைத் தடை செய்து, 2021 அக்டோபரில் மறுபடியும் கண்டித்துச் சொன்னது. பேரியம் கனமான தனிமம், எலெக்ட்ரான் படத்தில் பளிச்சென்று வெள்ளையாகத் தெரியும். உங்களுக்காக இல்லாவிட்டாலும் நியாயமாக நடப்பவருக்காக ஒன்று சொல்ல வேண்டும். பேரியத்தின் முக்கிய எக்ஸ்ரே கோடு 4.47 கிலோ எலெக்ட்ரான் வோல்ட், டைட்டானியத்தினுடையது 4.51. சாதாரணக் கருவிக்கு இரண்டும் ஒரே மேடு. வெள்ளிப் பொறிக்காக டைட்டானியம் போட்ட பட்டாசையும், வெள்ளைப் பெயின்ட் உதிர்ந்த தூளையும் மென்பொருள் 'பேரியம்' என்று எழுதிவிட வாய்ப்புண்டு. 5.16, 5.53 பக்கம் சின்ன மேடுகள் இருக்கின்றனவா என்று ஆள் உட்கார்ந்து பார்க்க வேண்டும். பேரியத்துக்கு உண்டு, டைட்டானியத்துக்குக் கிடையாது.

கே: எங்கள் ஆய்வக அறிக்கையில் எந்தத் துகளை எடுத்தாலும் அலுமினியம் வருகிறது. எல்லாமே பட்டாசுத் துகளா?
– ஆய்வக உதவியாளர், மதுரை

ப: மாதிரியை எதன் மேல் வைத்தீர்கள்? அலுமினியத் தட்டு மேல்தானே? எலெக்ட்ரான் ஒரு மைக்ரான் அளவுக்காவது உள்ளே இறங்கும். பொடித் துகளைத் துளைத்துக்கொண்டு போய், கீழே இருக்கும் தட்டையும் படித்துவிடும். கார்பன் டேப்பை ஒட்டி, அதன் மேல் துகளை வையுங்கள்.

கே: பட்டாசு வெடித்த கையைத் துப்பாக்கி சுட்ட கை என்று சொல்லிவிடாதா?
– வழக்கறிஞர், கோவில்பட்டி

ப: வழக்கமான தோட்டா என்றால் ஈயம், ஆன்டிமனி, பேரியம் மூன்றும் உருகி உறைந்த ஒரே துகளில் சேர்ந்திருக்க வேண்டும். பட்டாசுத் துகளில் பேரியம் இருந்தாலும் பொட்டாசியம், அலுமினியம், மெக்னீசியம், குளோரின் என்று உறவு முறை மொத்தமும் கூட வரும். ஒற்றைத் துகளை நம்பி யாரையும் உள்ளே தள்ளக் கூடாது. மாதிரி எடுத்தது தீபாவளிக்கு மறுநாளா என்பதே உங்கள் முதல் குறுக்குக் கேள்வியாக இருக்கட்டும்.

கே: பட்டியலிலேயே இல்லாத துகளைக் காட்டினால் மென்பொருள் என்ன செய்யும்?
– ஓய்வுபெற்ற தாசில்தார், ஸ்ரீவில்லிபுத்தூர்

ப: கல்யாணத் தரகர் என்ன செய்வார்? கையில் இருக்கிற ஜாதகத்திலேயே நெருங்கியதை எடுத்து 'அமோகப் பொருத்தம்' என்பார். மென்பொருளும் மதிப்பெண் போட்டு ஒரு பெயரை நீட்டும். மதிப்பெண்ணைப் பார்த்து மயங்காமல் இரண்டு நிறமாலையையும் ஒன்றன்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள்.

கே: 'இல்லை' என்று அறிக்கை வந்தால் நிம்மதியாக இருக்கலாமா?
– ஏஜென்ட், சிவகாசி

ப: 2017ல் ஆன்டிமனி, லித்தியம், பாதரசம், ஆர்சனிக், ஈயம் என ஐந்தைப் பட்டாசில் சேர்க்க உச்ச நீதிமன்றம் தடை போட்டது. இதில் லித்தியம், வழக்கமான எக்ஸ்ரே கருவியின் கண்ணில் படாத அளவுக்கு லேசானது. பார்க்கவே முடியாத கருவி கொடுத்த 'இல்லை'யை வைத்துக்கொண்டு தூங்காதீர்கள்.

கே: இதனால் எங்களுக்கு என்ன பிரயோஜனம்?
– போர்மேன், வெம்பக்கோட்டை வட்டாரம்

ப: மருந்தில் மணல் கலந்திருந்தால் உராய்வில் பற்றும் ஆபத்து கூடும்; மணல் துகளைக் கண்டுபிடிப்பது இந்த மென்பொருளுக்கு எளிய வேலை. அலுமினியப் பவுடர் தகடா உருண்டையா, எவ்வளவு நைசு என்பதையும் சொல்லும். நைசு கூடக் கூட வேகம் கூடும் என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. மூலப்பொருளைச் சோதித்துத் தர, மத்திய அரசின் சுற்றுச்சூழல் ஆய்வு நிறுவனமான நீரி சிவகாசியிலேயே ஒரு கூடம் தொடங்கியது. மருந்து கலப்பதற்கு முன்பே சாம்பிள் அங்கே போக வேண்டும்.

கே: 2021 பிப்ரவரி 12 அன்று எங்கள் ஊர்ப் பட்டாசு ஆலையில் நடந்த வெடிவிபத்தை இப்படி ஒரு கருவி தடுத்திருக்குமா?
– அச்சங்குளம்

ப: இருபது பேருக்கு மேல் உயிர் போன விஷயம், நேராகவே சொல்கிறேன். தடுத்திருக்காது. தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் தானாகவே வழக்கை எடுத்து, ஓய்வுபெற்ற நீதிபதி கே. கண்ணன் தலைமையில் குழு அமைத்தது. ஒருவர் பெயரில் உரிமம், வேலை நடந்ததோ பலருக்குக் குத்தகை விட்ட அறைகளில் என்பதுதான் அப்போது பெரிதாகப் பேசப்பட்டது. மருந்தில் என்ன கலந்தது என்பதைத் துகள் சொல்லும். யார் கலக்கச் சொன்னது, ஓர் அறையில் எத்தனை பேரை உட்காரவைத்தது என்பதை அதனிடம் கேட்க முடியாது; அதற்கு ஆய்வுக்கு வரும் அதிகாரி அறை அறையாக நடக்க வேண்டும்.

கே: வேதியியல் படிக்கிறேன். இதில் நான் செய்ய ஏதாவது மிச்சமிருக்கிறதா?
– மாணவி, சிவகாசி

ப: நிறைய. கனிமங்களுக்கு அரிசோனா பல்கலைக்கழகத்தின் 'ரஃப்' தொகுப்பும், பிளாஸ்டிக் துகளுக்கு 'ஓப்பன் ஸ்பெசி'யும் இணையத்தில் இலவசம். கம்பி மத்தாப்பு, புஸ்வாணம், சரவெடி எரிந்த சாம்பலுக்கு அப்படி ஒரு தொகுப்பு செய்ய உங்கள் ஊரைவிடத் தோதான இடம் ஏது? பேராசிரியர் மேற்பார்வையில் எரிந்து முடிந்ததை மட்டும் சேகரியுங்கள். மருந்தைத் தொட வேண்டாம். ஒவ்வொரு பாக்கெட்டிலும் ரகம், இடம், தேதி மூன்றையும் எழுதுங்கள். ஒன்று விட்டுப்போனாலும் கோவில்பட்டி வழக்கறிஞர் கிழித்துவிடுவார்.