நான்கு கட்டப் பேராசிரியர்

தில்லி மேனேஜ்மென்ட் பேராசிரியர் எதைப் பார்த்தாலும் முதலில் மேலிருந்து கீழாக ஒரு கோடு இழுப்பார். அடுத்து இடமிருந்து வலமாக ஒன்று. நாலு கட்டம் கிடைத்துவிடும். கோடுகளின் முனைகளில் 'அதிகம்', 'குறைவு' என்று எழுதுவார். அதன்பின் உலகில் தீர்மானிக்க மிச்சமிருப்பது எது எந்தக் கட்டத்தில் விழும் என்பது மட்டும்தான். ஜாதகம் பார்ப்பவருக்குக்கூடப் பன்னிரண்டு கட்டம் வேண்டியிருக்கிறது. இவர் நாலிலேயே பலன் சொல்லிவிடுவார். பரிகாரத்துக்குத் தனிக் கட்டணம். அதற்குக் கன்சல்டன்சி என்று பெயர்.

இவர் பணிபுரியத் தில்லியில் இடத்துக்குக் குறைவில்லை. தில்லிப் பல்கலைக்கழகத்தின் எஃப்.எம்.எஸ். 1954இல் தொடங்கியது, கல்கத்தாவிலும் அகமதாபாத்திலும் ஐ.ஐ.எம்.கள் வந்தது 1961இல்தான். வெளிநாட்டு வணிகத்துக்கென்று ஐ.ஐ.எஃப்.டி. 1963இல் வந்தது. ஐ.ஐ.டி.யில் ஒரு மேலாண்மைத் துறை, ஜே.என்.யூ.வில் ஒரு மேலாண்மைப் பள்ளி. குதுப் இன்ஸ்டிடியூஷனல் ஏரியாவில் தடுக்கி விழுந்தால் ஏதாவதொரு பி.ஜி.டி.எம். நிறுவனத்தின் வாசலில்தான் விழவேண்டும். இங்கே விவரிக்கப்படுபவர் எந்த நிறுவனத்தவர் என்று விசாரிப்பதில் பயனில்லை. எங்கே கேட்டாலும் பக்கத்து நிறுவனத்தைக் கைகாட்டுவார்கள். அங்கே போனால் இங்கே திருப்பி அனுப்புவார்கள்.

கட்டம் அவர் கண்டுபிடித்ததல்ல. 1955இல் ஜோசப் லஃப்ட், ஹாரி இங்கம் என்ற இரு உளவியலாளர்கள், ஒருவர் தன்னைப் பற்றி அறிந்தது, அறியாதது, பிறர் அவரைப் பற்றி அறிந்தது, அறியாதது என்று நாலு கட்டம் போட்டார்கள். 1957இல் இகோர் ஆன்சாஃப் பழைய சரக்கு, புதிய சரக்கு, பழைய சந்தை, புதிய சந்தை என்று நாலு போட்டார். 1970 வாக்கில் பாஸ்டன் கன்சல்டிங் குரூப், ஒரு கம்பெனியின் தொழில்களை நட்சத்திரம், கறவை மாடு, கேள்விக்குறி, நாய் என்று பிரித்தது. இவற்றில் பாஸ்டன் கட்டத்தோடு மட்டும் பேராசிரியருக்குத் தீராத வழக்கு உண்டு. நல்லதெல்லாம் வலது மேல் மூலையில் இருக்கவேண்டும் என்பது அவர் கொள்கை. வரைபடக் கணக்கில் அது ஈசானிய மூலை என்று ஒரு மாணவன் சொன்னதும் மறுநாள் பவர்பாயின்டில் அதையும் சேர்த்துக்கொண்டார். பாஸ்டன்காரர்களோ சந்தைப் பங்கு அதிகம் என்பதை இடப்பக்கம் வைத்துவிட்டதால் நட்சத்திரம் இடது மேல் கட்டத்துக்குப் போய்விட்டது. ஆகவே ஒவ்வோர் ஆண்டும் அவர் படத்தை இடவலம் மாற்றி நடத்துவார். மாணவர்கள் கேம்பஸ் இன்டர்வியூவில் நாயைக் கறவை மாடு என்று சொல்லிவிட்டு வருவார்கள்.

வகுப்போடு இது நிற்பதில்லை. கேன்டீன் சமோசாவுக்குச் சூடு ஒரு கோடு, எண்ணெய் ஒரு கோடு. டிஷ்யூ தாளில் வரைந்து கேன்டீன்காரரிடம் கொடுத்ததும் உண்டு. அவர் அதிலேயே அடுத்த சமோசாவை மடித்துக் கொடுத்தார். ஆசிரியர் கூட்டத்தில் கார் நிறுத்தும் தகராறு வந்தபோது சீனியாரிட்டி, காரின் நீளம் என்று இரண்டு கோடுகள் இழுக்கப்பட்டன. ஒன்றரை மணி நேர விவாதத்தின் முடிவில் வலது மேல் கட்டத்தில் ஒரே ஒரு கார் இருந்தது. அது யாருடையது என்று யாரும் கேட்கவில்லை.

அவருடைய பொற்காலம் 2016 ஜனவரி 1 முதல் 15 வரை. காற்று மாசைக் குறைக்கத் தில்லி அரசு ஒற்றைப்படைத் தேதியில் ஒற்றை எண் கார், இரட்டைப்படைத் தேதியில் இரட்டை எண் கார் என்று விதித்து, பெண்கள் ஓட்டிச் செல்லும் கார்களுக்கு விலக்கு அளித்தது. கார் எண் ஒரு கோடு, ஓட்டுபவர் ஒரு கோடு. அரசாங்கமே கட்டம் போட்டுக் கொடுத்துவிட்டது. நாலில் மூன்று கட்டத்தினர் தாராளமாகப் போகலாம், ஒரு கட்டத்துக்கு மட்டும் தடை என்று எல்லாப் பிரிவு மாணவர்களுக்கும் விளக்கினார். அவரே அந்த ஒரு கட்டத்தில் இருந்ததால் அன்று மெட்ரோவில் வந்திருந்தார். சி.என்.ஜி. கார்களுக்கும் விலக்கு உண்டே என்று கடைசி பெஞ்சிலிருந்து ஒரு பெண் கேட்டாள். மூன்றாவது கோடு போட்டால் கட்டம் எட்டாகிவிடும். "அது சிலபஸ்ல இல்லை" என்று முடித்துவிட்டார். அடுத்த ஆண்டு கிராப் என்ற மாசுக் கட்டுப்பாட்டுத் திட்டம் வந்தது. அதில் நாலு நிலைகள் என்று கேள்விப்பட்டு ஆசையாகப் படித்துப் பார்த்தார். நாலும் ஒன்றன்பின் ஒன்றாக வரிசையில் நின்றன. அரசுக்குக் கோட்பாட்டு அறிவு போதாது என்ற முடிவுக்கு அவர் வந்தது அன்றுதான்.

இவ்வகையில் தமிழ்ப் பிரிவு ஒன்றும் உண்டு. ராமகிருஷ்ணபுரத்தில் தில்லித் தமிழ்ச் சங்கத்தில் 'திருக்குறளில் மேலாண்மை' என்று பேசுவது இதன் அடையாளம். தெரிந்து செயல்வகை, வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என்று 47 முதல் 50 வரை நாலு அதிகாரங்கள் அடுத்தடுத்து இருப்பதை இப்பிரிவினர் தற்செயல் என்று ஒப்புக்கொள்வதில்லை. வலியறிதலில் செயலின் வலிமை, தன் வலிமை, எதிரியின் வலிமை, துணைவரின் வலிமை என்று வள்ளுவர் நாலைச் சொல்வது இன்னும் விசேஷம். "பாஸ்டன்காரனுக்கு ரெண்டாயிரம் வருஷம் முன்னாடியே நம்ம ஆள் மேட்ரிக்ஸ் போட்டுட்டார்" என்பார் பேராசிரியர். கைதட்டல் கிடைக்கும். நிதி அமைச்சகத்தில் ஓய்வுபெற்ற பெரியவர் ஒருவர் முன்வரிசையில் எழுந்து, "பால் மூணுதானே சார் இருக்கு, நாலாவது கட்டத்துல என்ன போடுவீங்க?" என்று மடக்கப் பார்த்தார். அறம், பொருள், இன்பம் எழுதிய பலகையில் பேராசிரியர் யோசிக்காமல் 'வீடு' என்று எழுதினார். "புராடக்ட் ரெடி. வள்ளுவர் லாஞ்ச் பண்ணலை."

கட்டம் போடாத நேரத்தில் கேஸ் நடத்துவார். கோடக், நோக்கியா இரண்டின் வீழ்ச்சியும் ஆண்டுதோறும் நடக்கும். பிலிம் ரோலையே பார்த்திராத மாணவர்கள் கோடக்குக்காக வருந்தக் கடமைப்பட்டவர்கள். இந்திய உதாரணம் கேட்டால் மும்பை டப்பாவாலாக்களும் மதுரை அரவிந்த் கண் மருத்துவமனையும். டாக்டர் வெங்கடசாமி 1976இல் 11 படுக்கைகளோடு தொடங்கிய அரவிந்தைப் பற்றி ஹார்வர்டு பேராசிரியர் கஸ்தூரி ரங்கன் 1993இல் கேஸ் எழுதினார். டப்பாவாலாக்கள் பற்றிய ஹார்வர்டு கேஸ் 2010இல் வந்தது. மதுரையும் மும்பையும் பாஸ்டன் போய், டாலரில் விலை போட்டுக்கொண்டு தில்லி வகுப்பறைக்கு வந்து சேர்கின்றன. நேரே மதுரைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வரலாம் என்று பேராசிரியருக்குத் தோன்றியதில்லை. தமிழ்ப் பிரிவினருக்கும் தோன்றியதில்லை, அவர்களில் சிலருக்கு மதுரையிலேயே மாமனார் வீடு இருந்தும்.

ஆய்வு ஆர்வங்கள் என்று அவருடைய பயோடேட்டாவில் ஒரு பத்தி நீளத்துக்கு இருக்கும். உண்மையில் ஆர்வம் ஒன்றுதான்: அன்றைய செய்தித்தாள். 2016 நவம்பரில் பழைய நோட்டுகள் செல்லாமல் போனதும் 'ரொக்கமில்லாப் பரிவர்த்தனை குறித்த மனப்பான்மை: தில்லி என்.சி.ஆர். ஆய்வு' வந்தது. 2017 ஜூலையில் ஜி.எஸ்.டி. வந்தது, அது குறித்த மனப்பான்மை. 2020இல் கொரோனா, வீட்டிலிருந்து வேலை செய்வது குறித்த மனப்பான்மை. இப்போது செயற்கை நுண்ணறிவு குறித்த மனப்பான்மை. மனப்பான்மையும் என்.சி.ஆரும் இடம் மாறவில்லை.

என்.சி.ஆர். எனப்படும் தேசியத் தலைநகர வட்டாரம் தில்லியோடு ஹரியானா, உத்தரப் பிரதேசம், ராஜஸ்தான் மாவட்டங்களையும் சேர்த்து 55,083 சதுர கிலோமீட்டர். பேராசிரியரின் என்.சி.ஆர். ஏ பிரிவும் பி பிரிவும். வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் இரவு பதினொரு மணிக்குக் கூகுள் ஃபார்ம் வந்து விழும். காலை வகுப்புக்குள் நிரப்பியாக வேண்டும். 1932இல் ரென்சிஸ் லைக்கர்ட் மனப்பான்மையை அளக்கத் தந்த அளவுகோல் அதில் ஐந்து பொத்தான்களாக இருக்கும். ஒருவன் எல்லாக் கேள்விக்கும் மூன்றை அழுத்துவான், இன்னொருவன் எல்லாவற்றுக்கும் நாலு, அடுத்தவள் எல்லாவற்றுக்கும் ஐந்து. யாரும் கேள்வியைப் படிக்காததால் பதில்களுக்குள் அபாரமான ஒற்றுமை இருக்கும். லீ குரோன்பாக் 1951இல் அளித்த ஆல்ஃபா என்ற கணக்கு அந்த ஒற்றுமையைத்தான் பார்க்கிறது. 0.7ஐத் தாண்டினால் கேள்வித்தாள் நம்பகமானது என்பது வழக்கம். பேராசிரியருடையது 0.9ஐத் தொடும். தூக்கக் கலக்கம் இவ்வளவு துல்லியமாக வேறெந்த ஆய்விலும் அளக்கப்பட்டிருக்காது.

கட்டுரை எந்த இதழுக்குப் போகவேண்டும் என்பதை ஆஸ்திரேலிய வணிகக் கல்லூரி டீன்களின் கவுன்சில் வெளியிடும் ஏ.பி.டி.சி. பட்டியல் தீர்மானிக்கிறது. ஏ ஸ்டார், ஏ, பி, சி என்று அதில் தரம் நாலு. பேராசிரியருக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

கேள்வித்தாளைத் தயாரிப்பவர் பிஎச்.டி. மாணவி. எண்களைக் கணினியில் ஓட்டுபவர் அவர். மதிப்பீட்டாளர்களின் ஆட்சேபங்களுக்கு வரிக்கு வரி பதில் எழுதுபவரும் அவர்தான். அச்சில் முதல் பெயர் பேராசிரியருடையது. ஆய்வேட்டில் அவருடைய கையெழுத்து வேண்டும் என்பதால் மாணவி வாய் திறப்பதில்லை. துறைக்கே இது தெரியும். துறையும் வாய் திறப்பதில்லை. இதற்குத் திருட்டு என்றுதான் பெயர்.

ஆய்வுக்குக் களம் தொலைவில் இல்லை. ஹௌஸ் காஸில் மஞ்சள் தட மெட்ரோ ஏறினால் வண்டி மாறாமல் ஆசாத்பூரில் இறங்கலாம்; பல்கலைக்கழகப் பக்கத்திலிருந்து மூன்றே நிலையம். நாட்டின் மிகப் பெரிய காய்கனி மண்டிகளில் ஒன்று அங்கே இருக்கிறது. இமாசல ஆப்பிளும் நாசிக் வெங்காயமும் வந்து இறங்கி, விலை பேசப்பட்டு, கடன் சொல்லப்பட்டு, ஊரெங்கும் பிரிந்து போகின்றன. விலை நிர்ணயம், கடன், சரக்கிருப்பு, போக்குவரத்து என்று இரண்டாண்டுப் பாடத்திட்டம் முழுக்க அங்கே ஓசியில் நடக்கிறது. அங்கிருந்து சரக்கெடுக்கும் தள்ளுவண்டிக்காரர் காலையில் பட்டாணியை நல்ல விலைக்கு விற்பார், மதியம் இறக்குவார், மாலையில் வாடிக்கைக்காரருக்குக் கொத்தமல்லியைச் சும்மா போடுவார். ஒரே நாளில் நாலு கட்டத்திலும் நின்றுவிடுவார். அவரை ஆராய்வதென்றால் விடியுமுன் எழுந்து போகவேண்டும். ஃபார்ம் அனுப்பினால் அவர் நிரப்பமாட்டார்.

ஒன்றைப் பேராசிரியர் கணக்கில் வரவு வைக்க வேண்டும். பிளேஸ்மென்ட் முடிந்த பிறகும் எந்தக் கம்பெனியும் எடுக்காத ஒருவன் ஆண்டுதோறும் மிஞ்சுவான். பேராசிரியர் அறைக் கதவைச் சாத்திக்கொண்டு பழைய மாணவர்களுக்கு ஒவ்வொருவராகப் போன் போடுவார். "பேச்சு வராது. கணக்கு தப்பாது. எனக்காக ஒரு தடவை கூப்பிட்டுப் பாரு." வேலை கிடைக்கும்வரை விடமாட்டார். பயோடேட்டாவில் இது கிடையாது. அந்தப் பையன் எந்தக் கட்டம் என்று அவர் சொன்னதாகவும் தகவல் இல்லை.

மத்தியப் பல்கலைக்கழகத்தில் ஓய்வு வயது 65. அதன்பின் சிலர் கிரேட்டர் நொய்டா தனியார் கல்லூரிகளில் டைரக்டர் ஜெனரல் ஆவார்கள். கொடுத்துவைத்தவர்கள் ஏதாவதொரு கம்பெனியில் சுயேச்சை இயக்குநர் ஆவார்கள். பட்டியலிடப்பட்ட கம்பெனிகளின் இயக்குநர்களில் மூன்றில் ஒரு பங்கினராவது சுயேச்சையானவர்களாக இருக்கவேண்டும் என்று 2013ஆம் ஆண்டின் கம்பெனிகள் சட்டம் சொல்கிறது. ஒரு கம்பெனி எப்படி நடக்கிறது என்று உள்ளே உட்கார்ந்து பார்க்கும் வாய்ப்பு அவருக்கு முதன்முறையாக அப்போதுதான் கிடைக்கிறது. சட்டப்படி இயக்குநர் கூட்டம் ஆண்டுக்குக் குறைந்தது நாலு. அதற்கு மேல் அவரும் கேட்பதில்லை.