மீந்த மருந்தும் மருமகன் பரீட்சையும்

வாய்யா மருமகனே, திண்ணையில உக்காரு. கையில என்ன, விருதுநகர் எண்ணெய் புரோட்டாவா? சும்மா வந்தா வெறுங்கையோட வர்றவன் பொட்டலத்தோட வந்தா, அதுல ஒரு சோலி இருக்கும். பரீட்சைக்குப் பணம் கட்டணும், அதானே? எங்கக்கா நேத்தே சொல்லிட்டா.

மாமனுக்கு இதெல்லாம் என்ன தெரியும்னு நெனைக்காதே. உங்க மொட்டை மாடியும் எங்க முற்றமும் ஒட்டித்தான் கெடக்கு. ராத்திரி பூரா நீ போன்ல கத்துறே, நான் கயித்துக் கட்டில்ல கொசு அடிச்சிக்கிட்டே கேக்குறேன். ஆறு மாசத்துல பாதிப் பாடம் எனக்கு ஏறிப்போச்சு. ஒரு இரும்புப் பெட்டி. அதுக்குள்ள இருபது கம்ப்யூட்டரு குடித்தனம். ஒவ்வொருத்தனும் மொத்த வீடும் தன்னோடதுதான்னு நம்பிக்கிட்டுக் கெடப்பான். அந்த நம்பிக்கை கலையாம பாத்துக்கிடுறவரு பேரு ஹைப்பர்வைசர். எங்கம்மா எட்டு மருமகள்களை வச்சு இதே வேலையத்தான் பாத்தா, சர்டிபிகேட் இல்லாம. ஐ.பி.எம்.காரன் 1972-லயே வி.எம்./370-னு பேரு வச்சுக் கொண்டாந்த சரக்குய்யா இது. நீ என்னமோ நேத்து கண்டுபிடிச்ச கெணக்கா நெஞ்சை நிமித்துறே.

முப்பது வருசம் போர்மேனா நின்னவன் சொல்றேன், கேளு. பட்டாசு ஆலையில அறைக் கதவுக்குப் பக்கத்துல என்ன எழுதியிருக்கும்? அறை நம்பரு, எத்தனை பேரு, எத்தனை கிலோ மருந்து. நாலு பேருன்னா நாலே பேருதான். அறைக்கும் அறைக்கும் ஊடால வெத்து நெலம் கெடக்கும். வெளியூர்க்காரன் வந்தா, "இம்புட்டு எடம் வீணாக் கெடக்கே"ம்பான். அந்த வீணான எடந்தான்யா பக்கத்து அறையில இருக்கிறவனுக்கு உசுரு.

நீ என்ன பண்ணி வச்சிருக்கே? பெட்டியில 32 கோர். குடித்தனக்காரங்களுக்குப் பங்கு பிரிச்சு எழுதிக் கொடுத்ததோ 200. எல்லாவனும் ஒரே நேரத்துல முழிக்க மாட்டான்ங்கிற தைரியம். நல்ல தைரியந்தான், ஐப்பசி பிறக்குற வரைக்கும்! தீபாவளிக்கு முந்துன வாரம் பில்லு போடுறவன், குடோன் கணக்கு பாக்குறவன், லாரிக்குச் சீட்டு அடிக்கிறவன் எல்லாவனும் ஒண்ணாத்தான் முழிப்பான். அன்னைக்கு அந்த 'சி.பி.யூ. ரெடி'ங்கிற கணக்கத் தொறந்து பாரு. பேரு ரெடி, ஆனா ஆளு வாசல்ல வரிசையில நிக்கிறான். நினைவகம் பத்தலைன்னா அதுக்கும் ஒரு வித்தை வச்சிருக்கான், பலூன். குடித்தனக்காரன் வீட்டுக்குள்ள பலூனை ஊதி விட்டு, அவனா சாமானை ஒதுக்கி எடத்தைக் காலி பண்ண வைக்கிறது. நம்ம ஊருல வீட்டுக்காரன் தண்ணிக் குழாயை அடைப்பான். அம்புட்டுத்தான் வித்தியாசம்.

அதையாச்சும் விடு. ஒண்ணு படுத்தா இன்னொண்ணு எந்திரிக்கணும்னு லாகின் பாக்குற சர்வரு ரெண்டு வச்சிருக்கியே, ரெண்டையும் ஒரே பெட்டிக்குள்ள வச்ச புத்திசாலி யாரு? வீட்டுச் சாவிக்கு மாத்துச் சாவி செஞ்சு, அதையும் அதே கொத்துல கோத்தானாம் ஒருத்தன்.

இப்ப மீந்த மருந்துக்கு வாறேன். காலையில கலந்தா அன்னைக்கே செலுத்தி முடிக்கணும். நாளைக்கு ஆகும்னு மூடி வச்சா, ராத்திரி ஈரம் ஏறும். அலுமினியப் பொடி கலந்த மருந்துல ஈரம் பட்டா உள்ளுக்குள்ளயே சூடு கண்டு புழுங்கும். மேல பாத்தா ஒண்ணும் தெரியாது. காலையில சட்டியத் தொடுறதுக்கே பயப்படணும். சாயங்காலம் மணியடிச்சதும் அறை அறையாப் போயி சட்டிய மோந்து பாத்துட்டுத்தான் நான் சைக்கிளை எடுப்பேன்.

உன் ஸ்னாப்ஷாட் அதே சரக்குதான். பழைய டிஸ்கைப் பூட்டிப்புட்டு, அதுக்கப்புறம் வர்ற மாத்தமெல்லாம் பக்கத்துல ஒரு கோப்புல விழும். அது அடைமழையில கம்மாய் நெறையுற கெணக்கா பெருகிக்கிட்டே போகும். 72 மணி நேரத்துக்கு மேல வைக்காதேன்னு, உன் ஹைப்பர்வைசரை விக்கிற விஎம்வேர்க்காரனே எழுதி வச்சிருக்கான். போன வருசம் உங்க ஆபீசுல என்னாச்சு? "சும்மா ஒரு பாதுகாப்புக்கு"ன்னு பொங்கலுக்கு எடுத்த ஸ்னாப்ஷாட், புரட்டாசியில டிஸ்க் கிடங்கை நெறைச்சு, அந்தக் கிடங்குல கெடந்த எல்லா மெஷினும் வாயப் பொளந்துருச்சு. விடிய விடிய மாடியில நடந்தியே! எனக்கும் ஒறக்கம் போச்சு. அதுல ஒருத்தன் வேற, "ஸ்னாப்ஷாட் இருக்கே, பேக்கப் எதுக்கு"ன்னு கேட்டான். பழைய டிஸ்க் போச்சுன்னா இதை வச்சு நாக்கு வழிக்கவா?

விஎம்வேர் பரீட்சையா? மதிப்பெண்ணு 100-ல ஆரம்பிச்சு 500 வரைக்குமாமே, 300 எடுத்தா பாஸாம். வெறும் தாளை மடிச்சுக் கொடுத்தாலும் 100-ஆ? எங்க காலத்து வாத்தியாரு கேட்டிருந்தா பெரம்பை முறிச்சிருப்பாரு. முன்ன விஎம்வேர்க்காரன் வகுப்புக்குக் காசு கட்டிப் போனாத்தான் அந்தப் பட்டம். 2024-ல அந்தக் கட்டாயத்த எடுத்துட்டாங்கன்னு நீ குதிச்சப்போ மாடி அதிர்ந்துச்சு. அதுக்காக எவனோ விக்கிற கேள்வி பதிலை வாங்கி மனப்பாடம் பண்றியே! ஏ, பி, சி, டி-னு பாம்பு புத்துல கைய விடுறதுக்கு எதுக்குப் படிப்பு? விஎம்வேர் வொர்க்ஸ்டேஷனை இப்ப சும்மாவே தர்றான். லேப்டாப்புல போடு, அதுக்குள்ள ஒரு இஎஸ்எக்ஸ்ஐ ஹைப்பர்வைசரை நிறுத்து, அறைக்குள்ள அறை கட்டி நீயே உடைச்சு நீயே ஒட்டு.

இன்னொரு கூத்து. 2023 நவம்பர்ல ப்ராட்காம்காரன் விஎம்வேரை வளைச்சான், 6,900 கோடி டாலரு. அடுத்த மாசமே, இனி யாருக்கும் சொந்தமா விக்க மாட்டோம், வாடகைதான்னுட்டான். வீட்டை வாங்கிட்டோம்னு இருந்தவனெல்லாம் சந்தா சீட்டோட நிக்கிறான். அதான் நீ அதுக்கு மாத்தா ராத்திரியில கள்ளத்தனமா ப்ராக்ஸ்மாக்ஸ் படிக்கிறே. படி, தப்பில்லை. வியன்னாவுல செஞ்ச சரக்கு, சும்மாவே கிடைக்குது. ஆனா சட்டிய மாத்துனா மீந்த மருந்து சரியாயிருமா?

பணம் தாறேன். அரைஞாண் கயித்துல சாவி இருக்கு, எடுக்கத்தான் போறேன். அதுக்கு முன்ன அந்த லேப்டாப்பைத் தொற. தொறய்யா! எத்தனை ஸ்னாப்ஷாட் கெடக்கு? கண்ணாடி இல்லாமலே எனக்குத் தெரியுது, பதினொண்ணு. அந்தக் கடைசி வரி எப்ப எடுத்தது?

வைகாசியா?

ஏளா, இந்தப் புரோட்டாவ எடுத்து உள்ள வை. இவன் கூட்டி அள்ளிட்டுத்தான் சாப்புடுவான்.