கட்டி சும்மா படுக்குமா?

கே: கதிர்வீச்சுச் சிகிச்சையில் ஆடாமல் அசையாமல் படுக்கச் சொல்கிறார்களே, மூச்சு விடலாமா?

ப: தாராளமாக. ஆனால் நீங்கள் அசையாவிட்டாலும் கட்டி அசையும். நுரையீரலின் அடிப்பகுதி, கல்லீரல், கணையம் எல்லாம் உதரவிதானத்தின் அக்கம்பக்கத்தார். மூச்சோடு அது ஏறி இறங்கினால் அங்குள்ள கட்டியும் ஒரு சென்டிமீட்டருக்கு மேல்கூட நகரும்.

கே: மூளைக் கட்டிக்கும் இதே கதைதானா?

ப: இல்லை. எவ்வளவு பெருமூச்சு விட்டாலும் மண்டையோடு விரியாது.

கே: கட்டி போய்வரும் பாதை முழுக்கக் கதிரைப் பாய்ச்சிவிட்டால் தீர்ந்ததே?

ப: அப்படியும் செய்கிறார்கள். 4டி சி.டி. ஸ்கேன், ஒரு மூச்சைப் பொதுவாகப் பத்துக் கட்டங்களாகப் பிரித்து, கட்டி உலவும் எல்லையைக் காட்டிவிடும். எல்லை அகலமானால் நல்ல திசுவுக்கும் அடி விழும். அசைவு 5 மில்லிமீட்டரைத் தாண்டினால் சமாளிக்க வழி தேடுங்கள் என்று அமெரிக்க மருத்துவ இயற்பியலாளர் சங்கம் 2006-இல் பரிந்துரைத்தது அதனால்தான்.

கே: என்ன வழி?

ப: வயிற்றை அழுத்தி மூச்சைச் சிறிதாக்கலாம். மூச்சின் குறிப்பிட்ட கட்டத்தில் மட்டும் கதிரைத் திறக்கலாம், இது ‘கேட்டிங்’. கட்டியின் பின்னாலேயே கதிரை ஓட்டலாம். சைபர்நைஃப் என்ற கருவி அந்த ரகம்.

கே: கட்டிக்குள் தங்கம் வைக்கிறார்களாமே, விற்கிற விலையில் இது தேவையா?

ப: குந்துமணி அளவுகூட இல்லை, ஓரிரு மில்லிமீட்டர்தான். எக்ஸ்ரேயில் கட்டியைவிடத் தங்கம் பளிச்சென்று தெரியும். அது குறித்த இடத்துக்கு வரும் கணத்தில் மட்டும் கதிர் பாயும்படி 1990-களின் கடைசியில் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தில் செய்துகாட்டினார்கள். செய்கூலி உண்டு, சேதாரத்தைக் குறைக்கத்தான் தங்கமே!

கே: என் மனைவிக்கு இடது மார்பகத்தில் புற்றுநோய். மூச்சை இழுத்துப் பிடிக்கப் பழகச் சொல்கிறார்கள். எதற்கு?

ப: இதயத்தைக் காப்பாற்ற. ஆழ இழுத்தால் நுரையீரல் விரியும். இதயம் மார்புச்சுவரை விட்டு விலகும். இதயம் வாங்கும் சராசரிக் கதிர் ஒரு கிரே (கதிரை அளக்கும் அலகு) கூடினால், மாரடைப்பு போன்ற பெரிய பாதிப்புகளின் விகிதம் 7.4 சதவீதம் ஏறுகிறது என்று 2013-இல் ஓர் ஆய்வு கணக்கிட்டது. சுமார் 20 நொடி பிடித்து, விட்டு, மறுபடி பிடித்தால் போதும்.

கே: நடுவில் தும்மல் வந்தால்?

ப: தும்மிவிடச் சொல்லுங்கள். நெஞ்சின் ஏற்ற இறக்கத்தைக் கேமரா கவனிக்கிறது. எல்லை தாண்டினால் கதிர் நின்றுவிடும்.

கே: பிராணாயாமம் தெரிந்தவர்களுக்குச் சலுகை உண்டா?

ப: பழக்கம் கைகொடுக்கலாம். ஆனால் ஸ்கேன் எடுத்த அன்று இழுத்த அதே அளவுதான் தினமும் இழுக்க வேண்டும். கூடுதலாக இழுத்தால் மதிப்பெண் கிடையாது, கதிர்தான் நிற்கும்!